சேர்ந்து வாழ்தலைச் சொல்லும் நாட்டுப்புற ஓவியம்: புதுச்சேரி, கடலூர் வீடுகளுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரை ஊரில் ஓவியம் வாங்குகிறவர் இரண்டைப் பார்க்க வேண்டும்: படத்துக்குள் என்ன கதை இருக்கிறது, மாட்டப்போகும் சுவருக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது. பெரும்பாலும் வண்ணத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். இரண்டு ஐப்பசி தாண்டுவதற்குள் காகிதம் அலையலையாக நெளிந்துவிடுகிறது, வீட்டுக்கு வந்தவர் “இது என்ன கதை?” என்று கேட்டால் சொல்லவும் தெரிவதில்லை. கீழே உள்ள கேள்விகள் இந்த இரண்டையும் சுற்றித்தான் வருகின்றன.

உயிர்கள் ஒன்றாக வாழ்வதைக் காட்டும் படம் என்றால் எவையெவை கிடைக்கும்?

கேட்டவுடன் காட்டக்கூடியது பூட்டான், திபெத்திய மரபின் ‘நான்கு நண்பர்கள்’. யானை மேல் குரங்கு, குரங்கு மேல் முயல், முயல் மேல் பறவை, பின்னால் பழம் காய்த்த மரம். பறவை விதை போட்டது, முயல் தண்ணீர் ஊற்றியது, குரங்கு உரம் வைத்தது, யானை காவல் நின்றது என்று சொல்வார்கள். வயதில் மூத்தது பறவை, அதனால்தான் அது உச்சியில் இருக்கிறது. ஜாதகக் கதையிலிருந்து வந்தது. குழந்தைகளுக்கு ஒரே நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

மத்தியப் பிரதேசத்து கோண்டு ஓவியத்தில் மானின் கொம்பு கிளைவிட்டு மரமாகி, அதில் பறவைகள் உட்கார்ந்திருக்கும். மகாராஷ்டிரத்து வார்லியில் தார்ப்பா ஊதுபவரைச் சுற்றி ஊரே கைகோத்துச் சுருளாக ஆடும். வங்காளப் பட்டச் சித்திரத்தில் (சுருளில் வரைந்து பாடிக் காட்டும் கதைப்படம், சுருக்கமாகப் ‘பட்டம்’) சுந்தரவனக் காட்டின் காவல் தெய்வம் பொன்பீபி இருக்கிறாள். தேன் எடுக்கவும் மீன் பிடிக்கவும் காட்டுக்குள் போகிற இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே அவளை வேண்டிக்கொள்கிறார்கள். தேவைக்கு மேல் காட்டிலிருந்து எடுக்கக்கூடாது என்பது அவள் கதையின் சாரம்.

நமக்கு வெகுநாள் பழக்கமான ஒன்றும் உண்டு: கயிலாயக் குடும்பம். சிவனின் காளைக்கு அம்மையின் சிங்கம் பகை, சிவன் கழுத்துப் பாம்புக்கு முருகனின் மயில் பகை, பிள்ளையாரின் எலிக்குப் பாம்பு பகை. எல்லாம் ஒரே வீட்டில் இருக்கின்றன. பீகாரின் மதுபனி, ஆந்திரத்தின் களம்காரித் துணி ஓவியம் இரண்டிலும் இதைக் கேட்டு வாங்கலாம். சேர்ந்து வாழ்வதற்கு இதைவிடக் கச்சிதமான படம் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

எல்லா உயிரும் ஒரே படத்தில் இருந்தால் அது சமாதானப் படம்தானே?

இல்லை. அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான்.

வங்காளப் பட்டத்தில் ‘மீன் கல்யாணம்’ மிகவும் பிரபலம். சிவப்பு, மஞ்சள், பச்சையில் விதவிதமான மீன்கள் மணப்பெண்ணைச் சுமந்து ஊர்வலம் போகும். பார்க்கப் பார்க்கக் குதூகலமாக இருக்கும். ஆனால் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஓரத்தில் ஒரு பெரிய மீன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், அதன் வாயில் ஒரு சின்ன மீனின் வால் தெரியும். அந்தப் பாட்டின் முடிவில் பெரிய மீன் கல்யாணத்துக்கு வந்த சின்ன மீன்களை விழுங்கிவிடுகிறது. வலியவன் எளியவனைத் தின்கிறான் என்று சொல்ல வந்த படம் அது. அருமையான ஓவியம்தான், வாங்கலாம். அமைதிக்கான படம் என்று நினைத்து மட்டும் வாங்க வேண்டாம்.

வார்லியிலும் இப்படித்தான். நடுவில் நடனம் இருந்தாலும் மூலையில் வில்லோடு ஒருவர் மானைத் துரத்திக்கொண்டிருப்பார். அவர்கள் வாழ்க்கையில் வேட்டை உண்டு, அதனால் படத்திலும் உண்டு. வள்ளலார் வழியில் புலால் மறுத்து வாழும் வடலூர்ப் பக்கத்து வீடுகளில் இது பின்னால் தெரியவந்து சங்கடமாகிறது. வாங்குமுன் படத்தின் நான்கு மூலைகளையும் தனித்தனியாகப் பாருங்கள்.

விலங்குகளின் கண்ணும் வாயும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதும் முக்கியம். புலியின் மூக்கு மானின் கழுத்துக்கு நேராக இருந்தால் அது துரத்தல். இரண்டும் தண்ணீரையோ மரத்தையோ பார்த்தால் பகிர்தல். புலியும் மானும் ஒரே துறையில் நீர் குடிப்பது நம் பேச்சில் நல்லாட்சிக்கு அடையாளம். அப்படி ஒரு படத்தில் புலிக்குப் பல்லும் நகமும் இருக்க வேண்டும். பூனைக்குட்டி மாதிரி மழுங்கிய புலியை வரைந்துவிட்டு ‘சமாதானம்’ என்று விற்பதில் அர்த்தமில்லை, கடிக்க முடியாத புலி மான் பக்கத்தில் நிற்பது பெரிய விஷயமா என்ன?

கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் மூன்றும் ஒன்றாக இருக்கிற படம் நல்ல தேர்வா?

எண்ணம் நல்லது. ஆனால் அது பெரும்பாலும் காலண்டர் படமாகத்தான் வரும், நாட்டுப்புற மரபுகளில் அப்படி ஒரு அமைப்பு பொதுவாக இல்லை. ஓவியரிடம் கேட்டால் வரைந்து கொடுப்பார், அவர் கைக்குப் பழகாத கோபுரமும் மினாராவும் பொம்மை மாதிரி நிற்கும்.

மதங்கள் கலந்து வாழ்வதைக் காட்ட வேண்டுமென்றால் அந்த வாழ்க்கையிலிருந்தே வந்த படத்தை வாங்கலாம். மேற்கு வங்கத்தில் பிங்ளா பக்கம் நயா கிராமத்தில் சித்ரகர் என்ற பெயர் தாங்கிய, பட்டம் வரைந்து பாடும் பட்டுவாக் குடும்பங்கள் இருக்கின்றன. பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாக வரைந்து பாடிவருவது ராமாயணமும் பாம்புத் தெய்வம் மானசாதேவி கதையும். இந்துக்களும் முஸ்லிம்களும் வணங்கும் சத்யபீர் கதைக்கும் அவர்களிடம் பட்டம் உண்டு. அந்தச் சுருளில் மூன்று சின்னங்களும் வரிசையாக நிற்காது, வரைந்த கையே அதைச் சொல்கிறது.

வீட்டில் உருவப் படம் வைக்கக் கூடாது என்கிறார்கள். அல்லது கலப்புத் திருமண வீடு. என்ன வாங்கலாம்?

மசூலிப்பட்டினத்துக் களம்காரி. மர அச்சில் குத்தி எடுப்பது. பாரசீக வணிகத்தோடு வளர்ந்ததால் கொடி, பூ, மாங்காய், ‘வாழ்வின் மரம்’ ஆகியவைதான் அதில் பிரதானம். மயிலும் கிளியும் வேண்டாமென்றால் இலையும் பூவும் மட்டுமே உள்ள துண்டும் கிடைக்கும். காளஹஸ்திக் களம்காரி வேறு. அது பேனா போன்ற மூங்கில் குச்சியால் வரைவது, கோயில் கதைகள் நிறைந்தது. கடையில் இரண்டையும் ‘களம்காரி’ என்றே சொல்வார்கள், எந்த ஊர் என்று கேளுங்கள்.

ஆந்தை, பாம்பு வந்தால் அம்மா மாட்ட விடமாட்டார். பரவாயில்லையா?

வாங்குமுன் கேட்டுவிடுவது நல்லது, பிறகு பரணுக்குப் போகும். வங்காளத்தில் ஆந்தை லட்சுமியின் வாகனம், மங்கலம். அதனால் அந்தப் பக்கத்துப் படங்களில் தாராளமாக வரும். நம் பக்கத்தில் அது வாசலில் கத்தினாலே ஆகாது. பாம்பு கோண்டிலும் மதுபனியிலும் நிலத்துக்கும் வளத்துக்கும் துணையாக வருவது. வரவேற்பறையில் ஒருவருக்கு உறுத்தும் என்றால் ஆமை, மீன், கிளி, யானை உள்ளதாகப் பாருங்கள்.

மதுபனியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாமரை வட்டங்கள், நடுவே ஊடுருவி நிற்கும் மூங்கில் உள்ள படம் ‘கோபர்’. மணமக்கள் அறைச் சுவருக்கானது, வம்ச விருத்தியைக் குறிப்பது. படுக்கையறைக்குப் பொருத்தம். விஷயம் தெரியாமல் ஆபீஸ் அறையில் மாட்டியவர்கள் உண்டு.

எந்த பாணி எந்த அறைக்கு?

பார்க்கும் தூரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் ஹாலுக்கு வார்லியும் பெரிய கோண்டும் சரி. காவி மண் நிறத்தில் வெள்ளை உருவங்கள் என்பதால் வார்லி தூரத்திலும் தெளிவாகத் தெரியும், கோண்டில் ஒரு பெரிய மரமோ மானோ படத்தை ஆளும். மதுபனியில் கச்னி என்ற கோட்டு வேலை முழுக்க நுணுக்கம், மூன்றடிக்குள் நின்றால்தான் அதன் அழகு. நடைவழி, படிக்கும் மேசை, சாப்பாட்டு மேசைப் பக்கம் அதற்கு இடம். வண்ணம் நிரப்பிய பர்னி மதுபனி ஹாலுக்கும் தாங்கும்.

ஒடிசாவின் ரகுராஜ்பூர் பட்டச் சித்திரம் துணியில் புளியங்கொட்டைப் பசையும் சுண்ணப்பொடியும் பூசி, அதன்மேல் வரைவது. ஓரத்துப் பூவேலை அடர்த்தியாக இருக்கும், சிறிய அளவிலேயே நிறைவு தரும். வங்காளச் சுருள் மேலிருந்து கீழே கட்டம் கட்டமாகப் படிப்பது. அதற்கு ஒடுங்கிய, உயரமான சுவர் வேண்டும், மாடிப்படி பக்கச் சுவர் மிகப் பொருத்தம். சுவருக்கு நீளம் போதவில்லை என்று சுருளை வெட்டிப் பிரேம் போடுகிறார்கள். அது வேண்டாம். ஒற்றைக் கட்டப் படமாகவே தனியாக வரைந்து விற்கிறார்கள், அதை வாங்குங்கள்.

தமிழ்நாட்டிலேயே இப்படி ஓவியம் இல்லையா?

இருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் ஆலு குறும்பர்கள் வேங்கை மரப் பிசினும் மண்ணும் இலைச்சாறும் கொண்டு வரைகிறார்கள். பாறையில் தேன் எடுப்பது, ஊர்த் திருவிழா, காட்டு விலங்குகள் எல்லாம் பழுப்பு, கறுப்பு, பச்சையில் அடக்கமாக இருக்கும். காட்டோடு சேர்ந்து வாழ்வது என்ற கருப்பொருளுக்கு இதுவே நேரான படம். கண்ணைப் பறிக்கும் நிறம் இல்லாததால் கடையில் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் களம்காரியும் தமிழ்நாட்டினுடையதுதான், கோயிலில் தொங்கும் துணி உருளையான தொம்பை, தோரணம் வழியில் வந்தது.

புதுச்சேரிக்கே உரியவை வில்லியனூர் சுடுமண்ணும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மையும். இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. ஓவியம் இல்லைதான். ஆனால் ஓவியத்துக்குக் கீழே ஒரு சுடுமண் யானையை வைத்தால் சுவர் நிறைந்துவிடும், பக்கத்தில் இரண்டாவது படம் தேவைப்படாது.

என்ன அளவு வாங்குவது?

சோபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு, பிரேமோடு சேர்த்து. ஆறடி சோபாவுக்கு நாலடி. அவ்வளவு பெரிய படம் விலை தாங்காது என்றால் நடுத்தர அளவில் இரண்டை மூன்று அங்குல இடைவெளியில் மாட்டலாம். ஒரே ஓவியரின் இரண்டு படமாக இருந்தால் நல்லது. வார்லி ஒன்றும் மதுபனி ஒன்றும் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று அடித்துவிடும்.

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருக்கட்டும். ஊஞ்சலில் அல்லது தரையில் உட்கார்ந்து பார்க்கிற தாழ்வாரமாக இருந்தால் ஆறு அங்குலம் இறக்குங்கள். நம் வீடுகளில் எல்லாப் படமும் கதவு நிலைக்கு மேலே போய்விடுகிறது, சாமி படம் மாட்டிய பழக்கம். ஓவியத்தை அங்கே ஏற்றினால் பார்க்கவே மாட்டீர்கள். வாங்குமுன் செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டி இரண்டு நாள் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்தால் அளவுச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

சுவரில் ஓதம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உப்புப் பூத்து, பெயின்ட் பொரிந்து உதிர்ந்தால் கண்ணுக்கே தெரியும். தெரியாத சுவருக்கு ஒரு சோதனை உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் ஷீட்டைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். ஷீட்டின் உள்பக்கம், சுவரைத் தொட்ட பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் அறைக் காற்றின் ஈரம், ஃபேனும் ஜன்னலும் போதும். சோதனையைக் கார்த்திகையில் செய்யுங்கள், சித்திரையில் எந்தச் சுவரும் நல்ல சுவர்தான்.

தரையிலிருந்து மூன்றடி வரை ஏறும் ஓதம் பழைய செங்கல், சுண்ணாம்புச் சுவர்களில் சகஜம். அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். குளியலறைக்கு முதுகாக இருக்கும் சுவர், மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய் இறங்கும் சுவர், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் மூன்றையும் தவிருங்கள். வீட்டுக்குள்ளே அறைகளைப் பிரிக்கும் நடுச்சுவர்தான் ஓவியத்துக்குப் பாதுகாப்பு.

பிரேம் போடும்போது என்ன சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். கடற்கரை ஊரில் ஓவியத்தைக் கெடுப்பதில் பாதிப் பங்கு பிரேம் கடைக்கு உண்டு.

முதலில், ஓவியத்தை அட்டையில் ஒட்டக் கூடாது. ‘சுருக்கம் வராமல் இருக்க’ என்று முழுக்க ஃபெவிகால் தடவி ஒட்டிவிடுவார்கள். காகிதம் ஈரக் காற்றில் விரியும், வெயிலில் சுருங்கும். நான்கு பக்கமும் பிடித்துவைத்தால் போக இடமில்லாமல் நடுவில் புடைக்கும். பின்னாளில் பிரிக்கவும் முடியாது. ஏ3 அளவு வரை நான்கு மூலைகளில் காகித உறை செய்து செருகினால் போதும். அதற்கு மேல் என்றால் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் மெல்லிய கைக்காகிதப் பட்டையால் தொங்கவிட வேண்டும், கீழ்ப்பக்கம் சுதந்திரமாக இருக்கட்டும். செலோடேப் எங்கேயும் வேண்டாம், மஞ்சள் கறை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

இரண்டாவது, கண்ணாடி ஓவியத்தைத் தொடக் கூடாது. ராத்திரி ஏசி போட்டு, காலையில் கதவு திறந்ததும் கண்ணாடியில் வேர்க்கும். தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் வண்ணம் கண்ணாடியில் ஒட்டிவிடும், பூஞ்சையும் அங்கேதான் ஆரம்பிக்கும். சுற்றிலும் மவுண்ட் போர்டு (ஓவியத்துக்கு ஓரமாக வைக்கும் தடித்த அட்டை) வைத்தால் அந்த இடைவெளி கிடைக்கும். கோண்டு மாதிரி அக்ரிலிக் புள்ளி தடிப்பாக இருந்தால் இரட்டை மவுண்ட் போடச் சொல்லுங்கள். அகலம் பக்கத்துக்கு இரண்டரை அங்குலம் வைத்தால், 12க்கு 16½ அங்குல ஓவியம் 17க்கு 21½ ஆகும், அதற்கேற்ப இடம் கணக்குப் போடுங்கள். மவுண்ட் அமிலம் இல்லாத ரகமாக இருக்கட்டும். சாதா அட்டை சில வருடத்தில் ஓரத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு போடும்.

பின்பக்கத்துக்குக் கடையில் ஹார்ட்போர்டுதான் வைத்திருப்பார்கள். அது ஈரத்தை உறிஞ்சும், கரையானுக்கும் விருந்து. ஓவியத்துக்குப் பின்னால் அமிலம் இல்லாத அட்டை, அதற்குப் பின்னால் சன்பேக் ஷீட் (விளம்பரத் தட்டிக்குப் போடுவார்களே, அதே பிளாஸ்டிக்) வைக்கச் சொல்லுங்கள். அது ஈரத்தை விடாது. கடைசியில் சுற்றிலும் டேப் ஒட்டி மூட வேண்டும், ராமபாணப் பூச்சி நுழைவது அந்தச் சந்தில்தான்.

மூடுவதற்கு முன் ஓவியமும் அட்டையும் காய்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் பிரேம் போட்டால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவைக்கிறோம். மாசி முதல் வைகாசிக்குள் போடுங்கள். அவசரம் என்றால் எல்லாவற்றையும் இரண்டு நாள் ஏசி அறையில் விரித்துவைத்துவிட்டு மூடச் சொல்லுங்கள்.

சட்டத்துக்குத் தேக்கு, அல்லது நன்றாகக் காய்ந்த கட்டை மரம். எம்.டி.எஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) சட்டம் மூலையில் ஊதிவிடும். ஃபைபர் சட்டத்துக்கு ஈரம் பிரச்சினையில்லை, பெரிய கண்ணாடியின் எடையைத்தான் தாங்காது. இரண்டடிக்கு மூன்றடியில் 3 மி.மீ. கண்ணாடி மட்டுமே நாலு கிலோவுக்கு மேல், அதே அளவு அக்ரிலிக் ஷீட் இரண்டு கிலோ. குழந்தைகள் பந்து விளையாடும் ஹாலுக்கு அக்ரிலிக் நல்லது. உலர்ந்த துணியால் மட்டும் அதைத் துடைக்காதீர்கள், கீறல் விழும்.

கீழ் மூலைகள் இரண்டிலும் அரை அங்குல ரப்பர் அல்லது கார்க் துண்டு ஒட்டினால் படத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடும். பத்து ரூபாய்ப் பொருள். இதைச் செய்யாத படத்தின் முதுகில்தான் பூஞ்சை முதலில் வரும், பல்லியும் குடியிருக்கும்.

ஆணியா, ஸ்க்ரூவா?

கனமான படத்துக்கு இரண்டு ஸ்க்ரூ, படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளியில். ஒற்றை ஆணியில் மாட்டினால் கதவு சாத்தும் ஒவ்வொரு தடவையும் சாயும். சாதா இரும்பு உப்புக்காற்றில் துருப்பிடித்துச் சுவரில் பழுப்புத் தாரை ஒழுகும். துருப்பிடிக்காத எஃகோ பித்தளையோ வாங்குங்கள். கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடு என்றால் 316 தர எஃகு கேட்டு வாங்குவது நியாயம். தொங்கவிடும் கம்பிக்கும் இதே விதி, ஸ்க்ரூ நன்றாக இருந்து கம்பி அறுந்து விழுந்த படங்கள்தான் அதிகம். பழைய சுண்ணாம்புச் சுவரில் டிரில்லிங் மிஷினைச் சுத்தியல் வேகத்தில் வைத்தால் கைப்பிடி காரை பெயர்ந்துவிடும். வெறும் சுழற்சியில் மெதுவாக, பூச்சைத் தாண்டிச் செங்கல் வரை போங்கள். இரண்டரை அங்குல ஸ்க்ரூ தேவைப்படும்.

வாடகை வீடு, ஓட்டை போடக் கூடாது என்கிறார்கள்.

ஒட்டுப் பட்டைகளை நம்பாதீர்கள், ஈரக் காற்றில் பெயின்டோடு உரிந்து விழும். அலமாரி மேலோ மேசை மேலோ சாய்த்துவைத்து, அடியில் நழுவாமல் ரப்பர் வையுங்கள். துணி ஓவியம் என்றால் திரைச்சீலைக் கம்பியே போதும்.

வெளிச்சத்தால் கெடுமா?

கெடும், அதுவும் இயற்கை நிறம் என்று பெருமையாக வாங்கியதுதான் முதலில். மஞ்சள்தூளில் எடுத்த மஞ்சள் வெயில் பட்டால் சீக்கிரம் போய்விடும். கரி, காவி மண், சங்குச் சுண்ண வெள்ளை ஆகியவை மிகவும் தாங்கும். கிழக்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் காலை வெயில் நேராக விழும், அங்கே மாட்டியாக வேண்டும் என்றால் அக்ரிலிக்கில் வரைந்த கோண்டு வாங்குங்கள். அக்ரிலிக் என்றால் போலி என்று நினைக்க வேண்டாம். 1980களில் ஜன்கர் சிங் ஷ்யாம் சுவரிலிருந்து காகிதத்துக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்தே கோண்டு கடைவண்ணத்தில்தான் வளர்ந்தது. விளக்குக்கு 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்ச எல்.இ.டி போதும், ஓவியத்துக்கு இரண்டடி தள்ளி.

கையால் வரைந்ததா, அச்சா?

கடையில் செல்போன் டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில் படுக்கவைத்து அடியுங்கள். வரைந்த வண்ணத்துக்கு மேடுபள்ளம் தெரியும், கோண்டின் புள்ளிகள் ஒவ்வொன்றும் நிழல் விடும். அச்சுக் காகிதம் ஒரே சமமாக இருக்கும். அடுத்து கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு சிவப்புக்குள் நீலம், மஞ்சள், கருஞ்சிவப்புப் பொடிப்புள்ளிகள் தெரிந்தால் பிரின்ட்.

பிடிப்பதற்குக் கஷ்டமானது பாதிக் கைவேலை: வெளிக்கோடு ஸ்க்ரீன் பிரின்ட், உள்ளே மட்டும் தூரிகை. ‘இதே மாதிரி இன்னொன்று இருக்கிறதா?’ என்று கேளுங்கள். எடுத்துத் தந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். கையால் போட்ட மதுபனியின் இரட்டைக்கோடு ஓரிடத்தில் நெருங்கும், ஓரிடத்தில் விலகும், மை தீரும் இடத்தில் மெலியும். இரண்டு படத்திலும் அதே இடத்தில் அதே மெலிவு இருந்தால் அச்சு. பாதிக் கைவேலைக்குப் பாதி விலை கொடுங்கள், தப்பில்லை. சாணம் தெளித்த காகிதம் என்று சொல்லித் தேயிலைச் சாயம் ஏற்றியதும் உண்டு. ஈரப் பஞ்சால் தேய்த்துச் சோதிக்க மட்டும் முயலாதீர்கள், நல்ல ஓவியம் பாழாகும்.

ஓவியர் பெயர், ஊர், எந்த வண்ணம், எந்த ஆண்டு: இந்த நான்கையும் பில்லிலோ படத்தின் பின்பக்கமோ எழுதி வாங்குங்கள். பெயர் சொல்லத் தெரியாத கடைக்காரர் கதையும் சொல்லமாட்டார்.

நாம் சொல்லி வரையச் சொல்லலாமா?

தாராளமாக. பாணியை அவர்களிடம் விட்டுவிட்டு, பொருளை மட்டும் சொல்லுங்கள். ‘புலி, மான், கொக்கு, ஒரு குளம், சண்டை கூடாது, மரத்தில் குறைந்தது ஆறு பறவை’ என்று எழுதிக் கொடுத்தால் போதும். அகலம், உயரம், படுக்கையா நெட்டையா, பின்னணி நிறம், பிரேமுக்குள் போகும் அரை அங்குல ஓரம் ஆகியவற்றையும் குறிப்பிடுங்கள். பென்சில் கோடு நிலையில் ஒரு போட்டோ கேளுங்கள், மாற்றம் அப்போதே சொல்லிவிட வேண்டும். மை போட்ட பிறகு புலியை நகர்த்த முடியாது. பிச்சாவரத்துச் சதுப்பு மரங்களையும் நீர்க்காகங்களையும் கோண்டு கையில் வரையச் சொன்னால் அழகாக வரும். அந்த மரபின் பஜ்ஜு ஷ்யாம் லண்டன் நகரத்தையே தன் பாணியில் வரைந்தவர், நம் உப்பங்கழி ஒன்றும் பெரிய சவால் இல்லை.

துணி ஓவியத்தையும் சுருளையும் எப்படி வைப்பது?

மடிக்கக் கூடாது. மூன்று நான்கு அங்குலக் குழாயில், பருத்தித் துணி சுற்றி, ஓவியம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் பூச்சு நசுங்கி, விரிக்கும்போது விரிசல் விடும். ஒடிசாப் பட்டச் சித்திரத்தில் இது நிச்சயம் நடக்கும். களம்காரியைச் சுவரில் தொங்கவிட மேலே துணியிலேயே உறை தைத்துக் கம்பு நுழையுங்கள், ஆணியால் மூலைகளை அடித்தால் காற்றில் கிழியும்.

மழைக்காலத்துக்கும் புயலுக்கும் என்ன ஏற்பாடு?

புரட்டாசி கடைசியில் படங்களை ஒருமுறை இறக்கி, முதுகையும் சுவரையும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை முடியும்வரை வெளிச்சுவரில் இருப்பதை உள்சுவருக்கு மாற்றிவிடலாம். புயல் எச்சரிக்கை வந்தால் இறக்கி, பாலித்தீனில் சுற்றி, ஜன்னல் இல்லாத அறையில் தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் வையுங்கள். கட்டிலுக்கு அடியில் வேண்டாம். 2011 டிசம்பர் தானே புயலில் ஜன்னலும் கூரையும் போயின, 2015லும் 2024 ஃபெஞ்சலிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. மேலிருந்தும் கீழிருந்தும் காப்பாற்ற வேண்டிய ஊர் இது. புயல் போனதும் அன்றே பாலித்தீனைப் பிரித்துவிடுங்கள்.

பிரேமுக்குள் தண்ணீர் போய்விட்டால் படத்தைப் படுக்கவைத்து, பின்பக்கம் திறந்து, ஃபேன் காற்றில் உலரவிடுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் கூடாது. ஓவியம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்காமல் அப்படியே காகிதப் பராமரிப்புத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

பூஞ்சைப் புள்ளி வந்துவிட்டது. துடைக்கலாமா?

ஈரத்துணி பட்டால் பரவும். முதலில் மற்ற படங்களிலிருந்து பிரித்து, காற்றோட்டமான உலர்ந்த அறையில் சில நாள் வைத்தால் பூஞ்சை காய்ந்து பொடியாகும். மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மெல்லிய காய்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். கறை கொஞ்சம் நிற்கும், அதை அழிக்கப் போனால் வண்ணம் போகும். பிறகு மவுண்டையும் பின்னட்டையையும் புதிதாக மாற்ற வேண்டும், பழையதிலேயே மாட்டினால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.

வாராவாரம் தூசி தட்ட இறகுத் துடைப்பம் போதும். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் துணியில் அடித்துத் துடையுங்கள், கண்ணாடி மேல் அடித்தால் சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கும்.

வாஸ்துப்படி எந்தத் திசை?

வீட்டில் நம்பிக்கை இருந்தால் அதன்படி மாட்டுங்கள், ஓவியத்துக்கு ஆட்சேபணை இல்லை. சொல்லும் திசையில் குளியலறைச் சுவர் வந்தால் மட்டும் யோசியுங்கள். தெய்வ உருவம் உள்ள படத்தைச் செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் வைக்காதீர்கள், வருகிறவர்கள் மனம் நோகும்.

எங்கே வாங்குவது?

பூம்புகார் விற்பனை நிலையங்களில் பாருங்கள். கைவினைக் கண்காட்சி நடக்கும்போது ஓவியரே உட்கார்ந்திருப்பார், கதையை நேரில் கேட்கலாம், இதுதான் முதல் தேர்வு. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் படம் கிடைக்கும், அங்கே டார்ச் சோதனையைத் தவறவிடாதீர்கள். மவுண்டுக்கோ தொங்கவிடும் பட்டைக்கோ கைக்காகிதம் வேண்டுமானால் புதுச்சேரியிலேயே அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை இருக்கிறது, அமிலம் இல்லாத ரகம் என்று கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால் பின்பக்கத்தின் போட்டோவும், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த ஒரு போட்டோவும் அனுப்பச் சொல்லுங்கள். தட்டையாக அனுப்பாமல் குழாயில் சுருட்டி அனுப்பினால், வந்ததும் பிரித்து இரண்டு நாள் புத்தகங்களுக்கு அடியில் காகிதம் விரித்து வைத்துவிட்டுப் பிரேம் கடைக்குக் கொண்டுபோங்கள்.